தாராளமா ஓட்டு அப்புனு, தண்டம் உன்னோடது

பெங்களூருல செல்ஃப் ட்ரைவ் கார் ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டு வந்து, செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குல ஒரு நாள் பூரா ஓட்டப் போறேன்னு சொன்னியாமா. உங்கம்மா அழுகறா. நான் அழுகலை கண்ணு, எனக்குச் சந்தோசம். அடுத்தவன் காரை மோதிட்டு அவனுக்குப் புதுக் காரே வாங்கித் தந்த தர்மப் பிரபு நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் பொறக்கலை. அந்தக் கொறை உன்னால தீரட்டும்.

போறது போறே, முறையாப் போ. வாடகைக் கம்பெனிக்காரன் ஆப்புல ஒரு ஒப்பந்தம் அனுப்புவான். அதைப் படிச்சுத் தொலைச்சுறாதே. கட்டைவிரலால சர்ர்னு தள்ளிக் கடைசிக்கு வந்து, சம்மதம்னு ஒரு அமுக்கு அமுக்கு. படிச்சீன்னா, பந்தயத்துக்கும் ட்ராக்குக்கும் வண்டியைக் கொண்டு போகக் கூடாதுன்னு எழுதியிருக்கும். வீணா மனசு ஒடிஞ்சு போகும். வண்டிக்குள்ள ஜிபிஎஸ் இருக்குமேன்னு பயப்படாதே. சுமார் 2.1 கிலோமீட்டர் வட்டத்தையே ஒரு கார் காலையில இருந்து சுத்தீட்டிருந்தா, பையன் மருதமலையைக் கிரிவலம் வர்றான்னு கம்பெனிக்காரன் கும்பிட்டுக்குவான்.

"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குது அப்பிச்சி, ஜீரோ டெப்பு"ங்கறே. ஜீரோ டெப்புன்னா மாத்துற பாகத்துக்குத் தேய்மானம் கழிக்க மாட்டான், அவ்வளவுதான். க்ளெய்மே நிக்கலைன்னா எதுல கழிக்கறது, எதைக் கூட்டறது? நம்ம நாட்டு கார் பாலிசியில, வண்டியை எதெதுக்கு ஓட்டலாம்னு வரம்பு கட்டி ஒரு பத்தி இருக்குது. கண்ணாடியைப் போட்டுட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஏற்பாடு பண்ணி நடத்தற பந்தயம், வேகச் சோதனை, வண்டியோட நம்பகச் சோதனை, இதுக்கெல்லாம் ஓட்டினா காப்பீடு கிடையாதுன்னு பட்டுனு போட்டிருக்கறான். "நான் ரேஸ் ஓட்டலையே, ட்ராக் டேதானே"ன்னு நீ சட்டம் பேசுவே. பேசு. ரேஸ்னு சொல்ல முடியலைன்னா வேகச் சோதனைன்னு அவன் பிடிச்சுக்குவான்.

அப்படியும் விடாம, நாலு ஃப்ரெண்டுக கூடி, ரோட்டுல நாய் குறுக்க வந்துச்சுன்னு எழுதிக் குடுக்கலாம்னு ரோசனை சொல்லுவாங்க. உழவுக்குன்னு வாடகைக்கு வாங்குன மாட்டை ரேக்ளாவுல பூட்டிக் காலை ஒடிச்சுட்டு, சால் ஓட்டறப்ப இடறிருச்சுன்னு சொன்னவனை நம்மூருப் பஞ்சாயத்தே நம்பலை. ட்ராக் ஓரத்து டயர் சுவத்துல தேச்ச கறுப்புக் கோடு கதவு நீளத்துக்கு இருக்கறப்ப, சர்வேயர் நம்புவானா? பொய் க்ளெய்ம்னு கேஸு வந்தா, அதுக்கும் இன்சூரன்ஸ் இல்லை சாமி.

கூட்டாளி ஒருத்தன் சொந்தக் காரைச் சல்லிசாத் தர்றேன்னானாமா. வெள்ளை போர்டு வண்டி. அடடா, அது இன்னும் விசேசம். சொந்த உபயோகப் பாலிசியில வாடகைக்கு விடறதே ஆகாது, பந்தயமும் ஆகாது. ஒரே மோதல்ல ரெண்டு காரணம் காட்டி உன்னைத் திருப்பி அனுப்பலாம். முறைப்படி வாடகைக்கு விடற செல்ஃப் ட்ரைவ் காருன்னா கறுப்பு போர்டுல மஞ்ச எழுத்து இருக்கோணும். அப்பறம், பாலிசியோட வர்ற 15 லட்ச ரூபா விபத்துக் காப்பீடு வண்டிக்குச் சொந்தக்காரன் ஓட்டினாத்தான். ஓட்டறது நீ, அந்தப் பதினஞ்சும் உனக்கில்லை. உன் மருத்துவ பாலிசியில மோட்டார் பந்தயத்துக்கு விலக்கு இருக்குது, ஆனா தொழிலாப் பந்தயம் ஓட்டறவனுக்குத்தான். நீ ஓட்டற லட்சணத்தைப் பார்த்தா, உன்னைத் தொழில்காரன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். அந்த மட்டும் நிம்மதி.

சரி, கிண்டலை விடு. சாட்சிக்காரன் கால்ல விழறதைவிடச் சண்டைக்காரன் கால்ல விழறது மேல். இன்சூரன்ஸ்காரனை ஏமாத்த வழி தேடாம, ட்ராக்குக்குன்னே வண்டி விடறவன்கிட்டப் போய் நேராப் பேசு. பந்தயம் சொல்லித் தர்ற பள்ளிக்கூடங்க அங்கயே வண்டியும் தந்து, எங்க பிரேக் பிடிக்கோணும், எங்க திருப்போணும்னு காட்டிக் குடுக்கும். பணத்தைக் கட்டறதுக்கு முன்னால கேளு: மோதினா என் தலையில எத்தனை ரூபா வரைக்கும் விழும்? கியரைத் தப்பாப் போட்டு எஞ்சின் போச்சுன்னா யாரு கட்டறது? அடுத்தவன் வண்டியில இடிச்சா என்ன கணக்கு? பதிலை எழுதி வாங்கு. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி"ன்னா, அவன் பாத்துக்குவான், நீ கட்டிக்குவே.

வெளிநாட்டுல மட்டும் சும்மா விடறானா? இங்கிலாந்துல ட்ராக்குக்குன்னு ஒரு நாள் இன்சூரன்ஸே விக்கறாங்க. அதுலயும் வண்டி மதிப்புல பத்துல ஒரு பங்கு வழக்கமா நம்ம தலையிலதான். ஜெர்மனியில நூர்பர்க்ரிங்னு 20.8 கிலோமீட்டர் ட்ராக்கு. 1927ல தெறந்தது. துட்டைக் கட்டிட்டு நம்மளைப் போலச் சாமானியனும் ஓட்டலாம். மோதிட்டா காருக்கு மட்டுமில்லை, வளைஞ்ச தகட்டு வேலிக்கும் தனியா பில்லு வரும்.

இன்னொண்ணு. ரோட்டு வண்டியோட பிரேக்கு ட்ராக்குல சீக்கிரமே சூடேறிக்கும். மொதல்ல கருகுன வாடை வரும். அப்பறம் பெடல் எதிர்ப்பே இல்லாம உள்ள போகும். பிரேக் ஆயில் கொதிச்சுருச்சுன்னு அர்த்தம். வாடை வந்ததுமே வேகத்தைக் கொறைச்சு, ஒரு சுத்து மெதுவா ஓட்டி ஆற விடு. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதே, கியர்ல போட்டுச் சக்கரத்துக்குக் கல்லு வை. தண்ணி பாட்டிலை வண்டிக்குள்ள வெக்காதே, உருண்டு பெடலுக்கு அடியில போய் உக்காந்துக்கும். தேஞ்ச பேடுக்கும் டயருக்கும் எந்தப் பாலிசியும் காசு தராது.

மீட்டர்ல 200 போட்டிருக்குதுன்னு குதிக்காதே. மாமனாருக்குத் தெரியாம எத்தனை ரூபா தண்டம் கட்ட முடியுமோ, அதுதான் உன்னோட டாப் ஸ்பீடு. அது ரொம்பக் கம்மின்னு தோணுச்சுன்னா வெசனப்படாதே, அப்பிச்சிகிட்ட டிராக்டர் இருக்குது. வாடகை வேண்டாம், டெபாசிட் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். மேக்காலத் தோட்டத்துல ரெண்டு ஏக்கரா உழவு பாக்கி. எத்தனை லேப் வேணும்னாலும் சுத்து. டீசல் மட்டும் உன் காசு.