சோகேஸ் காடிக்கு வாள் தேர்தல்: ஊவா நோக்கில் ஓர் ஆய்வு

மரச்சட்டத்தில் நீளவாக்கில் வெட்டப்படும் பள்ளம் காடி எனப்படும். ஊவாத் தோட்டங்களில் அதைக் கூர்ந்து ஆராய ஏற்ற இடம் லயக் காம்பராவின் சோகேஸ். அதன் இரு கண்ணாடிகளும் காடியில் வழுக்கி ஓட வேண்டும் என்பது கோட்பாடு. ஒன்று ஓடாது என்பது கள உண்மை.

வட்ட வாளின் பல்நுனி எவ்வளவு அகலமோ, காடியும் அவ்வளவே. 10 அங்குல வாள் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் வெட்டும். கண்ணாடியோ 4 அல்லது 5. ஆகவே கைடைச் சற்று நகர்த்தி இரண்டாம் முறை ஓட்ட வேண்டும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதை ஒரு கண்ணாடித் துண்டை விட்டுப் பார்த்தே அறியலாம். முதல் காடிக்கு அப்படித்தான் பார்க்கப்படுகிறது. இரண்டாவதற்குள் பிளேன்டி வந்துவிடுகிறது.

அகலத்தைவிடப் பல்லின் வடிவம் முக்கியம். தட்டை நுனிப் பற்கள் காடியின் அடியைச் சமமாக விடும். இடமும் வலமுமாகச் சரிந்த பற்கள் ஓரங்களை ஆழமாக்கி நடுவில் மேடு விடும். இரண்டு முறை ஓட்டினால் மேடும் இரண்டு. ரேகையோடு வெட்ட 24 பல் வாளும், குறுக்கே வெட்ட 60 அல்லது 80 பல் வாளும் உகந்தவை. காடி ரேகையோடு ஓடுவதால் 24 பல்லே சாஸ்திரப்படி சரி. நடைமுறையில் பாஸ் தேர்ந்தெடுப்பது இயந்திரத்தில் ஏற்கெனவே பூட்டியிருக்கும் வாளை. அதைக் கழற்றும் ஸ்பேனர் யாரிடம் இரவல் போயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது.

வட அமெரிக்கத் தச்சர்கள் இரு வாள்களுக்கு இடையே வெட்டுத்தகடுகளை அடுக்கி, அகலக் காடியையும் ஒரே ஓட்டத்தில் முடிப்பர். ஐரோப்பிய மேசை வாள்கள் பலவற்றின் அச்சு அதற்கு நீளம் போதாது. 5 மில்லிமீட்டர் காடிக்கு அவ்வளவு ஏற்பாடு, கொழுந்துக் கூடையைத் தூக்க லொறி பிடிப்பது போன்றது.

பருவத்தையும் விடலாகாது. ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுப்பது உலகறிந்தது. அதே காற்று சவுக்குப் பலகையையும் சுருக்குகிறது. அப்போது காடியில் இறுக்கிப் பொருத்திய கதவுப் பலகை ஐப்பசி மழையில் ரேகைக்குக் குறுக்கே ஊதிச் சட்டத்தைப் பிளக்கும். எனவே காடியின் ஆழத்தில் இடம் விட்டு, பசையில்லாமல் பொருத்த வேண்டும்.

கண்ணாடி ஊதாது. ஆனால் அதை மேற்காடிக்குள் முழுக்கத் தூக்கித்தான் கீழ்க்காடியில் இறக்க முடியும். ஆகவே மேற்காடி கீழ்க்காடியைப் போல் இருமடங்கு ஆழமாக இருப்பது நியதி. இதை மறந்த பாஸ் கண்ணாடியை வைத்துக்கொண்டே சட்டத்தை ஆணியடித்து மூடுவார். பிறகு கண்ணாடியை மாற்றச் சோகேஸையே பிரிக்க வேண்டிவரும். உள்ளே இருப்பவை எவரும் தேநீர் குடித்தறியாத கோப்பைகள் என்பதால் வேலையில் அவசரம் காட்டப்படுவதில்லை.