ஆடலாம், குடியிருக்கக் கூடாது

மைசூரில் கறுப்பின வரலாற்று விழா ஒன்று எடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் என் முதல் வாழ்த்து அவர்களுக்கு. அமெரிக்காவில் இதற்கென்று பிப்ரவரி மாதத்தையும் இங்கிலாந்தில் அக்டோபர் மாதத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்கு அக்டோபர்தான் தோது. தசரா நேரம், ஊரெல்லாம் சீரியல் விளக்கு போட்டிருக்கும், மின்சாரச் செலவு நம் தலையில் விழாது. பந்தல், மைக் செட், பிரமுகர்களுக்குச் சூட்ட மைசூர் பேட்டா எல்லாம் தயார். கறுப்பர்களை மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

அதற்கும் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. உத்தர கன்னட மாவட்டத்தில் யல்லாப்பூர், ஹலியால் பக்கத்துக் காடுகளில் சித்தி இனத்தார் இருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் கோவாவில் கொண்டுவந்து இறக்கிய ஆப்பிரிக்க அடிமைகளில் பலர் எஜமானர்களிடமிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஓடினார்கள். அவர்களுடைய வாரிசுகள் இவர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து, கொங்கணியும் கன்னடமும் பேசி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று மதத்திலும் கலந்து வாழ்கிறவர்கள். இந்த விவரமெல்லாம் அறிவிப்பாளருக்குத் தேவைப்படாது. 'ஆப்பிரிக்கப் பழங்குடி நடனம்' என்று சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ரேஷன் அட்டை வைத்திருக்கும் கன்னடிகர் என்று சொன்னால் யார் கைதட்டப் போகிறார்கள்?

தசரா ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைதட்டல் பழக்கமானதுதான். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர். 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்து யானை வரும். அதற்கு முன்னால் கலைக்குழுக்கள். சயாஜி ராவ் சாலையில் சித்திகளின் ஆட்டம் வரும்போது அத்தனை செல்போன்களும் உயரும். ஊர்வலத்து யானைகளின் பெயரும் எடையும் அவை தின்னும் தீனியும் பல நாள் பத்திரிகைச் செய்தி. ஆடிக்கொண்டு போகும் மனிதரின் பெயர் யாருக்குத் தெரியும்? அவர் பாட்டுக்கு ஆடுகிறார், நாம் பாட்டுக்குப் படம் பிடிக்கிறோம். அத்தோடு பண்பாட்டுப் பரிமாற்றம் இனிதே நிறைவுறும்.

அடுத்து வரலாற்றுக் கண்காட்சி. இதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்துக்கு வந்து, அகமதுநகர் அரசையே கையில் வைத்திருந்த மாலிக் அம்பரின் படத்தை மாட்டலாம். 1626-இல் இறக்கும்வரை முகலாயர் கையில் அகப்படாதவர். அவரைக் களத்தில் வீழ்த்த முடியாத ஜஹாங்கீர், அவருடைய வெட்டுண்ட தலையை ஈட்டிமேல் வைத்துத் தான் அம்பெய்வதாக ஓர் ஓவியம் வரையச் செய்து ஆற்றாமையைத் தீர்த்துக்கொண்டார். அந்த ஓவியம் வேண்டாம். கறுப்பர் நாட்டை ஆண்டார் என்றால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். பாடப்புத்தகத்தில் அவர்கள் கண்ட ஆப்பிரிக்கரெல்லாம் சங்கிலியோடு நிற்பவர்கள்.

விளையாட்டுப் பிரிவு ஒன்றும் வைக்கலாம். 1980-களில் டெல்லிக்குத் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. ஒலிம்பிக்கில் கறுப்பர்கள்தானே ஓடி ஜெயிக்கிறார்கள், நம்மிடமும் கறுப்பர்கள் இருக்கிறார்களே! சித்திப் பிள்ளைகளைக் காட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, இந்திய விளையாட்டு ஆணையத்தின் சிறப்புப் பகுதித் திட்டத்தில் சேர்த்து ஓடவிட்டார்கள். பிள்ளைகள் நன்றாகவே ஓடினார்கள். ஓடிக்கொண்டிருந்தபோதே 1990-களில் திட்டத்தை இழுத்து மூடினார்கள். எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பிக் கூலி வேலைக்குப் போனார்கள். பதக்க ஆசை வந்தபோது உடனே நினைவுக்கு வந்த அதே ரத்தம், உத்தர கன்னடத்தில் பழங்குடிப் பட்டியலில் ஏறுவதற்கு 2003 வரை காத்திருந்தது. அங்கே மட்டும் ஓட்டப் பந்தயம் கிடையாது போலும்.

நாடகம் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் ஹெக்கோடு நீநாசம் நாடகக் குழுக்காரர்கள் செய்த காரியத்தைச் செய்துவிடாதீர்கள். அவர்கள் யல்லாப்பூர் பக்கத்து மஞ்சிகேரிக்கே போய், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலை நாடகமாக்கிச் சித்திகளையே நடிக்கவைத்தார்கள். இறகு சூட்டி முகத்தில் கோடு போட்டு ஆடச் சொல்லாமல், வெள்ளைக்காரன் வந்து ஓர் ஊர் சிதைந்த கதையைக் கன்னடத்தில் பேசச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய ஆபத்து! வசனத்தைக் கையில் கொடுத்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு நன்றியுரை நேரத்தில் மைக்கை வாங்க முடியாது.

விருந்தினர் வரிசைக்கு மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைக் கூப்பிடுங்கள். வருவார்கள், மரியாதை தெரிந்த பிள்ளைகள். தேசிய உடையில் வரச் சொன்னால் வருவார்கள், தாண்டியா ஆடச் சொன்னால் ஆடுவார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விழாவின் சுருதி கெட்டுவிடும்.

ஏனென்றால் இந்த ஊர் வெளிநாட்டாருக்கு வீடு கொடுக்காத ஊர் இல்லை. கோகுலத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க யோகா கற்க வந்த அமெரிக்கருக்கும் ஜெர்மானியருக்கும் வாடகைக்கு விட்டே மாடிமேல் மாடி கட்டிய தெருக்கள் இருக்கின்றன. வெளிநாட்டார் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர் வந்தால் அந்தப் படிவம் ஐந்து நிமிட வேலை. தான்சானியப் பையன் வந்தால் அதே படிவம் பெரிய சட்டச் சிக்கலாகிவிடும். "போலீஸ் தொந்தரவு சார், நமக்கெதுக்கு வம்பு." சமையல் வாடை, ராத்திரி நடமாட்டம், நண்பர்கள் வருவது என்று காரணங்கள் வரிசை கட்டும். கோகுலத்து வெள்ளைக்காரருக்கும் நண்பர்கள் வருகிறார்கள், அவர் வீட்டிலும் முட்டை உடைகிறது. அதெல்லாம் யோகத்தில் அடக்கம்.

2020 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மூன்று சிவிங்கிப்புலிகள் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு வந்து இறங்கின. ஊரே மகிழ்ந்தது. தனித் தங்குமிடம், தனிக் கவனிப்பு. கறி சாப்பிடுமா என்று யாரும் கேட்கவில்லை.

செத்த ஆப்பிரிக்கராக இருந்தாலும் கவலையில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பன் கோயில் கொண்டிருக்கிறார். டச்சுக்காரர் படையெடுத்தபோது போர்த்துக்கீசியர் தங்கள் புதையலுக்குக் காவலாகக் கொன்று புதைத்த அடிமை என்பது ஐதீகம். அவருக்குச் சுருட்டும் கள்ளும் படையல் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாமி ஆனபிறகு காப்பிரிக்கு அட்வான்ஸ் கிடையாது, குடிச் சான்றிதழ் கேட்பதில்லை, பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுவதுமில்லை. உயிரோடு இருப்பதுதான் அந்த மாணவன் செய்த பிழை.

தலைமையுரைக்கு அமைச்சர் யாராவது கிடைப்பார். என்ன பேச வேண்டும் என்று சொல்லித்தர வேண்டாம், பழகிய வாய்தான். 2016 ஜனவரி 31 அன்று பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் சூடான் நாட்டவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரம் கழித்து அதே வழியாக வேறு காரில் வந்த தான்சானிய மாணவியைக் கும்பல் இழுத்துப்போட்டு அடித்தது, காரைக் கொளுத்தியது. ஆடையைக் கிழித்தார்கள், தப்பிப்பதற்காகப் பேருந்தில் ஏறியபோது அங்கிருந்தும் தள்ளிவிட்டார்கள் என்று புகார் சொன்னார் அந்தப் பெண். சூடான் எங்கே, தான்சானியா எங்கே? தோலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்த கும்பல் அது. அப்போதைய உள்துறை அமைச்சர் பரமேஸ்வரா என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? இது இனவெறித் தாக்குதல் அல்ல, விபத்துக்கு வந்த எதிர்வினை.

அதே ஆண்டு மே மாதம் டெல்லியில் ஆட்டோ பிடிக்கும் தகராறில் காங்கோ இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். சில நாளில் ஆப்பிரிக்க தினக் கொண்டாட்டம் ஏற்பாடாகியிருந்தது. எங்கள் பிள்ளையைப் புதைக்கும் நேரத்தில் கொண்டாட்டமா, தள்ளி வையுங்கள் என்றார்கள் ஆப்பிரிக்கத் தூதர்கள். சமாதானம் பேசி விழாவை நடத்திவிட்டோம். அதே மாதக் கடைசியில் டெல்லியின் ராஜ்பூர் குர்த்தில் ஆப்பிரிக்கர்கள் தாக்கப்பட்டபோது, அதெல்லாம் சின்னக் கைகலப்பு, ஊடகங்கள் ஊதிப் பெருக்குகின்றன என்று வெளியுறவுத்துறை இணையமைச்சர் வி.கே. சிங் ட்வீட் போட்டார். ஆப்பிரிக்காவை நாம் கொண்டாடும் லட்சணம் இதுதான். பிணத்தை ஓரமாக நகர்த்திவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றுவோம்.

தமிழர்களாகிய நாம் இதில் சேர்த்தியில்லை என்று சாய்ந்து உட்கார வேண்டாம். 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது. இந்தியா இனவெறி நாடு அல்ல என்று நிரூபிக்க பா.ஜ.க.வின் தருண் விஜய் அல் ஜசீராவில் ஒரு வாதம் வைத்தார். நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தமிழர், மலையாளி, கன்னடர், ஆந்திரர் என்று கறுப்பானவர்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வோம் என்பது அதன் சாரம். வள்ளுவருக்குக் கங்கைக் கரையில் சிலை வைக்கப் புறப்பட்டவர் வாயிலிருந்து வந்தது அது. கொதித்தோம், மன்னிப்புக் கேட்கவைத்தோம். நம்மைக் கறுப்பர் என்று சொல்லிவிட்டாரே என்ற கொதிப்பில், அடிபட்டுக் கிடந்த நைஜீரியப் பையன்களை எத்தனை பேர் ஒருமுறையாவது நினைத்தோம்? கறுப்புச் சட்டை போட்டு ஊர்வலம் போன மண்ணில்தான் மணமகள் தேவை விளம்பரம் இன்றும் 'நல்ல நிறம்' கேட்கிறது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதற்கு நாம் செய்த அதிகபட்சத் தியாகம், ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. டியூப் காலியாவது நிற்கவில்லை.

சரி, விழாவுக்கு வருவோம். நன்றியுரையில் பந்தல்காரரை விட்டுவிடாதீர்கள். ஹெசரகட்டாவைச் சொல்ல வேண்டாம். 2021 ஆகஸ்டில் பெங்களூரு ஜே.சி. நகர் போலீஸ் காவலில் காங்கோ இளைஞர் இறந்ததையும், நியாயம் கேட்டு ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆப்பிரிக்கர்கள் தடியடி வாங்கியதையும் சொல்லவே வேண்டாம், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் மனம் நோகும். சித்திக் குழுவுக்குப் பேசிய பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுத்து, யல்லாப்பூர் பஸ் ஏற்றிவிடுங்கள். மாணவர்களை ராத்திரியில் தனியாக ஆட்டோவில் அனுப்ப வேண்டாம், குழுவிலிருந்து இரண்டு பேர் கூடவே போய் விடுதி வாசலில் இறக்கிவிடட்டும். வழியில் யாருடைய காராவது யார்மீதாவது மோதியிருக்கலாம்.