தூண் தழுவல்: மகால் காணச் செல்லும் தேனி மாந்தர் குறித்த ஓர் ஆய்வு

அரண்மனை பார்க்கப் போகும் தேனி மாவட்டத்தாரை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஏன் நான்கு என்று கேட்கக் கூடாது. ஆய்வேட்டுக்கு நான்கு இயலாவது வேண்டும்.

முதல் வகையினர், உள்ளூர் அரண்மனை காண்போர். போடியிலும் கண்டமனூரிலும் ஜமீன் அரண்மனைகள் உண்டு. பக்கத்திலேயே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. இயல் முற்றும்.

இரண்டாம் வகையினர், அறியாமல் காண்போர். மதுரை காந்தி மியூசியத்துக்குப் போய்வந்த பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குத் தாங்கள் நின்றது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை என்று தெரியாது.

மூன்றாம் வகையினர், லண்டன் போய் வந்தோர். பக்கிங்காம் அரண்மனைக்கு 775 அறைகள். பெரும்பாலோர் பார்த்தது வெளிக் கம்பிவேலியை. கட்டிப்பிடிக்கத் தூண் கிடைக்காத அரண்மனை ஆய்வுக்கு உதவாது.

நான்காம் வகையே நம் பொருள். ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்ததும் தேனிக்காரர் அண்ணாந்து பார்ப்பதில்லை, தூணைக் கட்டிப்பிடிக்கிறார். அடிப்படை உரையாடல் வருமாறு:

“மாப்ள, கை சிக்குச்சா?”

“இல்ல மச்சான், வாட்ச்சுதான் தட்டுப்படுது.”

இது வெறும் விளையாட்டன்று, அளவையியல் என்பர் ஒரு சாரார் (பார்க்க: முறுக்கு மடித்த தாள், எண்ணெய் படாத வரிகள்). திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் மகாலைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் அல்லவா? மிச்சத்தையாவது போகவிடாமல் பிடித்துக்கொள்ளும் முயற்சியே இது என்பர் மறுசாரார் (பார்க்க: கம்பம் திராட்சைப் பெட்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாள், கிழிந்த பாதி, மறுபாதி போடிமெட்டு ஏறிவிட்டதால், அங்குள்ள ஏலக்காய் மூட்டையின் மேலுறை, இரண்டாம் தையல், நூல் பிரிந்த பதிப்பு). இரு சாராரும் மகாலுக்குப் போனதில்லை. ஒருவர் நூலை மற்றவர் மேற்கோள் காட்டியே இருவரும் பேராசிரியராகிவிட்டனர்.

‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டு இங்கே எடுத்ததாயிற்றே, மனிஷா கொய்ராலா நின்ற தூண் எது என்று தேடித் தழுவுவோர் ஓர் உட்பிரிவு. மனைவி உடன் வந்தால் இவ்வுட்பிரிவு மற்றத் தழுவுவோருடனேயே கலந்துவிடும்.

தழுவும்போது கன்னம் சுதையில் படும். கண்ணுக்கு நேரே ஆணியால் கீறிய இதயம், அதற்குள் இரண்டு பெயர், குறுக்கே ஓர் அம்பு. இதைக் கல்வெட்டு என்று கொள்ளலாமா என்ற வினாவுக்கு அறிஞர் விடை தரவில்லை. மகாலை வரைந்தவர் இத்தாலியரா இல்லையா என்ற சண்டையே அவர்களுக்கு இன்னும் ஓயவில்லை. 1860-களில் ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்திராவிட்டால் சண்டை போடவும் சுவர் மிஞ்சியிருக்காது. இன்று நிற்பதே பழைய மகாலில் கால்வாசிதான்.

இவ்வாய்வை மறுப்போர் தேனியிலிருந்து 75 கிலோமீட்டர் போய், ஒரு தூணுக்கு மூன்று பேராகக் கைகோத்துப் பார்க்கலாம். காவலர் விசில் அடித்தால் விட்டுவிடுங்கள். ஆணி மட்டும் கொண்டுபோகாதீர்கள்.