தும்மலை அடக்குதல் தகுமா? ஒரு சாஸ்திர விசாரம்

சுவாச உறுப்புகளைப் பற்றி எழுதப் புகுந்த உடற்கூற்று நூலார் யாவரும், மூக்கில் தொடங்கி, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் என்று படிப்படியாக இறங்கி, பிராணவாயு இரத்தத்தில் கலந்து கரியமிலவாயு வெளிப்படும் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளை அடைந்ததும் நூலை முடித்துவிடுகிறார்கள். ஆனால் மாங்கல்யதாரண முகூர்த்தத்தில், கெட்டிமேளம் முழங்குவதற்கு ஒரு கணம் முன்னதாகத் தும்மல் வரப்பெற்றவன் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு, ஒற்றைத் தும்மலை அபசகுனமென்று கொள்ளும் இந்நாட்டில்கூட எந்த நூலும் விடை கூறவில்லை. அக்குறையை நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதலில் லட்சணம். தும்மலாவது, நாசியின் உட்சவ்வைத் தூசியோ மிளகாய் நெடியோ உறுத்த, அச்செய்தி முக நரம்பொன்றின் வழியே முகுளத்தை எட்ட, அதன் ஆணையால் மார்பு நிறையக் காற்று இழுக்கப்பட்டு, குரல்வளை வாயில் அடைபட்டு, மார்பும் வயிறும் இறுகி அமுக்கம் மிகுந்து, பின்னர் வாயில் திடீரெனத் திறக்க, மூக்கின் வழியாகவும் வாயின் வழியாகவும் நிகழும் வாயுவின் பிரஸ்தானமாம்.

இனிப் பூர்வபட்சம். சபை மரியாதை கருதி அதனை அடக்குவதே முறை என்பர் நாகரிகர். அது பொருந்தாது. ஆயுர்வேத ஆசிரியராகிய சரகர், அடக்கலாகாத உடல் வேகங்கள் 13 என்றார். சித்த வைத்தியர்கள் 14 என்றார்கள். எண்ணிக்கையில் மாறுபட்ட இரு சாராரும் தும்மலைச் சேர்த்துக்கொள்வதில் ஒன்றுபட்டார்கள். இங்கிலாந்தில் மூக்கையும் வாயையும் ஒருங்கே பொத்தித் தும்மலை அடக்கிய ஒருவருக்குத் தொண்டையின் உட்புறமே கிழிந்துபோன செய்தி 2018-ல் மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. இவையெல்லாம் போதாவென்பார்க்கு வள்ளுவர் பிரமாணம் உண்டு. புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தில் தலைவன் தும்முகிறான். வாழ்த்திய தலைவியே, உம்மை நினைத்தவள் யார் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ என்று அப்போதும் அழுகிறாள். தும்மினாலும் அடக்கினாலும் தண்டனை ஒன்றேயாகலின், தொண்டையையாவது காப்பாற்றிக்கொள்வது விவேகம் என்பது தெளிவு.

ஆகவே தும்முக என்பதே சித்தாந்தம். எனினும் எச்சில் திவலைகள் பக்கத்திலிருப்போர்மீது அபிஷேகமாகாமல் தடுக்க ஒரு சாதனம் வேண்டப்படுதலின், சுவாச மண்டலம் மூக்கில் தொடங்குகிறது என்னும் பழங்கொள்கை திருத்தத்துக்குரியதாகிறது. அது மேல்துண்டில் தொடங்குகிறது. துண்டு அணியாத இக்காலத்து இளைஞர்க்கு, ஆபத்தர்மமாக, சட்டையின் முழங்கை மடிப்பு அனுமதிக்கப்படுகிறது. அடுத்த நாற்காலிக்காரரின் அங்கவஸ்திரம் எக்காலத்தும் அனுமதிக்கப்படவில்லை.