யவனர் போட்ட சட்டை

கேள்வி: ரோமானிய வீரர்களின் கம்பளி மேலங்கியைப் படத்தில் பார்த்தாலே எனக்குப் புழுக்கமாக இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் வந்திருப்பார்களா?
– ஒரு வாசகர், செங்காங்

பதில்: செங்காங் வெயிலில் நின்று கேட்டால் புழுங்கத்தான் செய்யும்! ஆனால் வந்தார்கள், சட்டையோடுதான் வந்தார்கள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், கார்காலப் பாசறையில் அரசனின் கூடாரத்தைக் காப்பவர்கள் யவனர்கள். இறுக்கிக் கட்டிய உடை, அதில் சுற்றிய குதிரைச் சவுக்கு, மேலே சட்டை, பார்த்தாலே பயம் வரும் தோற்றம். வேட்டியும் துண்டுமாக வாழ்ந்த ஊரில் தைத்த சட்டையே தனி மிரட்டல்தான். கிரேக்கர், ரோமர் இருவரையுமே நம்மவர்கள் யவனர் என்றார்கள்.

நீங்கள் படத்தில் பார்த்தது ‘சகும்’. செவ்வகக் கம்பளித் துணி. வலது தோளில் ஊக்கு மாட்டினால் வாள் வீசும் கைக்குத் தடையில்லை. ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பசை மழையை ஓரளவு தாங்கும். இரவில் அதுவே போர்வை. குளிர் நாட்டுக்கு அருமையான உடை. அங்கேகூட அது மட்டும் போதவில்லை: பிரிட்டனின் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதம் ஒன்று, காலுறைகளோடு இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதைச் சொல்கிறது.