மாட்டுங்காவின் டென்ட் மாமா

மும்பை மாட்டுங்கா கிழக்கில் பில்டிங்குக்கு ஒரு டென்ட் மாமாவாவது தேறுவார். வயது ஐம்பதிலிருந்து அறுபதுக்குள். வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ வி.ஆர்.எஸ். வாங்கி, பெண் கல்யாணம் போக மிஞ்சியதில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் எடுத்திருப்பார். மெட்ராஸ் பக்கம் செய்கிற வண்டி, ஆகையால் நம்மூர் வண்டி என்பது மாமியிடம் அவர் வைத்த முதல் வாதம். நெற்றியில் விபூதி, அதற்கு மேல் ஹெல்மெட். லடாக்கின் லேயிலிருந்து திரும்பும்போது கட்டிக்கொண்டு வர வேண்டிய திபெத்திய மந்திரக் கொடிகள், போவதற்கு முன்பே ஹேண்டில்பாரில் படபடக்கின்றன. மே மாத வியர்வையில், முழங்கைக்கும் முதுகுக்கும் கவசம் வைத்த ஜாக்கெட்டோடு மார்க்கெட்டில் நின்று பிஞ்சு வெண்டைக்காய் பொறுக்குவார். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது போலவே டென்ட் கம்பியையும் வளைத்துப் பார்ப்பார், கடைக்காரர்தான் பதறுவார்.

லடாக் போக வேண்டும். அதற்கு டென்ட் வேண்டும். டென்ட் இன்னும் முடிவாகவில்லை. ஹிமாலயன் முதலில் வந்தது 2016-இல், 411 சிசி. 2023 கடைசியில் 452 சிசி என்ஜினோடு புது மாடலே வந்துவிட்டது. மாமாவின் டென்ட் மட்டும் வரவில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பைக்கில் கொண்டுபோக டென்ட் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மலையேறுகிறவனுக்கு எடை பகை. பைக்காரனுக்கு நீளம் பகை. துணியை எப்படி வேண்டுமானாலும் சுருட்டிவிடலாம். மடக்கிய கம்பி எத்தனை நீளமோ, பொட்டலமும் அத்தனை நீளம். மலிவான டென்ட்களில் அது அறுபது சென்டிமீட்டர் வரை போகும். பக்கவாட்டுப் பெட்டிக்குள் அடங்காது. பின்சீட்டில் குறுக்கே கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். மாமா இதைச் சோதிக்க, டென்டுக்குப் பதிலாக யோகா பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு செம்பூர் வரை ஓட்டிப் பார்த்தார். மாட்டுங்காவில் ஒரு சங்கடமும் இல்லை. சயன் தாண்டியதும் ஆட்டோக்கள் ஆரம்பித்தன. முதல் சிக்னலிலேயே ஓர் ஆட்டோவின் கண்ணாடியைப் பாய் மடக்கிவிட்டது. அன்று மாமா கற்றுக்கொண்ட மராத்திச் சொற்களை இங்கே எழுத முடியாது.

அடுத்தது ஆள் கணக்கு. ஒருத்தர் டென்டா, இரண்டு பேர் டென்டா? விவரம் தெரிந்தவர்கள் தனியாகப் போகிறவனுக்கும் இரண்டு பேர் டென்டைத்தான் சொல்வார்கள். மாமாவும் அதையே சொன்னார். மாமிக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேர்னா நானும் வரணுமா?"

"நீ இல்லை. ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டெல்லாம் ராத்திரி வெளியில வைக்க முடியுமோ?"

மாமி அதற்குப் பிறகு டென்ட் விஷயத்தில் அபிப்பிராயம் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்: "ஏன்னா, கட்டில்ல படுத்தே முதுகு பிடிச்சுக்கறது. தரையில எப்படிப் படுப்பேள்?" அதன் விளைவாகக் காற்றடைத்த மெத்தைகளைப் பற்றித் தனி ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறது.

ஆனால் மாமாவின் பெரிய கவலை மழை. டென்ட் அட்டையில் 2000 மில்லிமீட்டர், 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பான். ராம் ஆஷ்ரயா ஓட்டலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிற யாருக்கும் இந்த விளக்கம் இலவசம்: "2005 ஜூலை 26-ல சாந்தாகுரூஸ்ல பேஞ்சது 944 மில்லிமீட்டர். இந்த டென்ட் 2000 தாங்கும். ரெண்டு ஜூலை 26 ஒண்ணா வந்தாலும் உள்ள ஒரு சொட்டு இறங்காது, ஓய்!"

அந்த எண் மழையளவே இல்லை. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை உயரத்தில் கசிய ஆரம்பிக்கும் என்பதற்கான அளவு அது. துணிக்கு மழைமானி தெரியாது, அழுத்தம்தான் தெரியும். ஈரத்தரையில் முழங்காலை ஊன்றினால், அந்தப் புள்ளியில் பெருமழையைவிட அதிக அழுத்தம் விழும். அதனால்தான் பல டென்ட்களில் கூரையைவிடத் தரைத்துணிக்கு அதிக எண் கொடுப்பார்கள். இதையெல்லாம் சொன்னால் மாமா கேட்டுக்கொள்வார். மறுநாள் வேறொருவரிடம் ஜூலை 26-ஐத் திரும்ப ஆரம்பிப்பார். இத்தனைக்கும் லே ஒரு குளிர்ப் பாலைவனம். வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அங்கே பயப்பட வேண்டியது காற்றுக்கும் குளிருக்கும். ஆனால் மழைக்கு மழை கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர் பார்த்தவரிடம் பாலைவனத்தைப் பற்றி யார் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை ஆராய்ச்சி. ராமா நாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரே டெகாத்லான் போய், காட்சிக்கு நிறுத்தியிருக்கும் டென்டுக்குள் நீட்டிப் படுத்துவிடுவார். கண்ணயர்ந்ததும் உண்டு. விழித்தபின், 'காற்றோட்டம் திருப்தி' என்று நோட்டில் குறித்தார்.

ஒரு ரைடர் நண்பரிடம் இரவல் வாங்கிய டென்டை மொட்டைமாடியில் நிறுத்திப் பார்த்த கதை பில்டிங் முழுக்கத் தெரியும். ஆணி அடிக்காமல் கம்பியின் பலத்திலேயே நிற்கிற வகை அது. கான்கிரீட்டில் முளை இறங்காது, லடாக்கின் கல் தரையிலும் சில இடங்களில் அதே கதிதான் என்பதால் தேர்வு சரியானதே. ஆனால் தானே நிற்கிற டென்ட், உள்ளே பாரம் இல்லாவிட்டால் தானே கிளம்பியும் போகும். ஜூன் மாதக் காற்றில் அது எழுந்து தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. மாமா ஒரு கயிற்றைத் தொட்டிக் குழாயிலும் இன்னொன்றைத் துளசித் தொட்டியிலும் கட்டினார். சொசைட்டி செக்ரெட்டரி மேலே வந்து, "க்யா மாமா, கர் மே ஷாதி ஹை?" (வீட்டில் கல்யாணமா?) என்று கேட்டுவிட்டு, மாடியில் பந்தல் போட கமிட்டி அனுமதி வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் மாமா மனசுக்குள் ஒரு டென்ட் உருவாகியிருக்கிறது. இரட்டைத் துணி, அலுமினியக் கம்பி, நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் நீளம், மூன்று கிலோவுக்குள் எடை. அபார அறிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நானூறு கிராம் குறைவதற்காக இன்னும் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அதற்குள், லே போகும் வழியில் உள்ள சர்ச்சு மாதிரி 4,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது என்று எங்கோ கேள்விப்பட்டார். தயிர்சாதம் இல்லாமல் எப்படி? மாமி பரணிலிருந்து மூன்று லிட்டர் குக்கரை இறக்கிக் கொடுத்தாள். பில்டர், டிகாக்‌ஷனுக்கு அரைக் கிலோ காப்பிப் பொடி, மாவடு பாட்டில், பருப்புப்பொடி எல்லாம் சேர்ந்து டென்டின் எடையைப்போல் இரண்டு மடங்கு வரும். நானூறு கிராம் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

மணாலியிலிருந்து லே போகும் சாலையில், சர்ச்சுவிலும் பாங்கிலும், சீசன் மாதங்களில் பாராசூட் துணியில் கூடாரம் போட்டு டாபா நடத்துகிறார்கள். ராத்திரி படுக்க இடம், கனத்த ரஜாய், சுடச்சுட ராஜ்மா சாவல், கூப்பிட்டால் டீ, எல்லாம் அங்கேயே கிடைக்கும். டென்டே இல்லாமல் அந்த வழியில் போய்வருகிற பைக்காரர்கள் ஏராளம். தயவுசெய்து இதை மாமாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளை அப்புறம் அவர் என்ன செய்வார்?