பெயர்ச்சிப் பெரியப்பா

சென்னையில் வாடகை வீடு மாறும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சிப் பெரியப்பா ஒருவர் வாய்த்திருப்பார். சொந்தப் பெரியப்பாவாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர், எதிர் போர்ஷன்காரர், சம்பந்தி வழியில் ஒருவர் என்று எவரும் இந்தப் பதவிக்கு வரலாம். வயது அறுபதுக்கு மேல். வேலையில் இருந்த காலத்தில் நாலைந்து ஊர் மாற்றல் பார்த்தவர். குருவும் சனியும் பெயர்வதற்குப் பஞ்சாங்கம் தேதி சொல்லும். குடித்தனம் பெயர்வதற்கு இவர் சொல்வார். அழைக்காமலே வருவார், வந்தால் கடைசிச் சாமான் இறங்கும்வரை நகரமாட்டார். சொல்வதெல்லாம் அநேகமாகச் சரியாகவே இருக்கும். அவரைச் சமாளிப்பதில் உள்ள சிரமமே அதுதான்.

ஆளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். அரைக்கைச் சட்டைப் பையில் பேனாவை ஒட்டி டெஸ்டர் செருகியிருக்கும். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் இன்சுலேஷன் டேப், டெஃப்ளான் டேப், எம்-சீல், சணல் கயிறு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, அளவு டேப், தண்ணீரில் உப்பு பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் இத்தனையும் இருக்கும். மீட்டர் மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது என்ற தகவலும் கூடவே வரும்.

பணியின் முதல் கட்டம் நாள் பார்ப்பது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்பது ஊரறிந்த வழக்கம்; புரட்டாசியையும் சிலர் தள்ளுவார்கள். வெள்ளிக்கிழமை பழைய வீட்டைக் காலி செய்தால் மகாலட்சுமி கோபித்துக்கொள்வாள். செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி, வீட்டுக்காரிக்குச் சந்திராஷ்டமம் எல்லாம் கழித்தபின் மாதத்துக்கு இரண்டு நாள் தேறும். இரண்டிலும் ஆபீசில் லீவு கிடைக்காது. ஆனால் விதி எவ்வளவு கடுமையோ, விலக்கும் அவ்வளவு தாராளம். ஆடி பிறக்க நாலே நாள் இருக்கிறது, பழைய ஓனரோ பொறுக்கமாட்டேன் என்கிறார் என்றால் பெரியப்பா கலங்கமாட்டார். “ஆனி முடியறதுக்குள்ள பாலை மட்டும் காய்ச்சிடு தம்பி. ஒரு ராத்திரி படுத்து எழுந்துட்டா குடிபோனதாத்தான் கணக்கு. சாமானை ஆடியில மெதுவா எடுத்துக்கலாம்” என்பார். ஆடிக்குப் பயந்து இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டவிருந்த பல குடும்பங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு தீர்ப்புதான்.

இரண்டாவது கட்டம் அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் பழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பெரியப்பா இதை ஓனர் முகத்துக்கு நேராகவே எடுத்துச் சொல்வார். ஓனர் ‘வேறு உடன்பாடு’ என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். பேரம் ஆறு மாதத்தில் முடியும். பெரியப்பா தம் வீட்டு மாடி போர்ஷனுக்குப் பத்து மாதம் வாங்கியிருப்பது அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வராது.

ஒப்பந்தம் ஏன் பதினொரு மாதத்துக்குப் போடப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதினொன்றோடு நிறுத்தினால் அந்தச் செலவு மிச்சம். புதிய வாடகைச் சட்டமோ காலம் எவ்வளவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை விவகாரத்துக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, கேட்டவர் குழம்பி நிற்கையிலேயே, “காலி பண்றப்போ பெயின்ட் அடிக்கன்னு ஒரு மாச வாடகை பிடிப்பீங்களா?” என்று ஓனரிடம் கேட்டுவிடுவார். குடிபோகிறவர்கள் கேட்க மறந்து, காலி செய்யும் நாளில் வருந்துவது இந்தக் கேள்விக்குத்தான்.

வீட்டைப் பார்வையிடும்போது மற்றவர்கள் ஹாலையும் பால்கனியையும் பார்ப்பார்கள். பெரியப்பா நேரே குழாயடிக்குப் போவார். டம்ளரில் போர் தண்ணீரைப் பிடித்து மீட்டரை முக்குவார். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. மீட்டர் 1800 காட்டும். “குளிக்கலாம், துணி துவைக்கலாம். இதுல பருப்பு வேகாதும்மா” என்று அங்கேயே தீர்ப்பு வரும். ஆகவே 20 லிட்டர் கேன் போடுபவரின் நம்பரை வாட்ச்மேனிடம் வாங்குவார். மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சம்ப் எவ்வளவு கொள்ளும், மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது என்று விசாரிப்பார். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. சுவிட்ச் யார் வீட்டில் இருக்கிறதோ அவரோடு மட்டும் மனத்தாங்கல் கூடாது என்பது அவருடைய குடித்தனச் சாஸ்திரத்தின் முதல் சூத்திரம்.

பிறகு பிளக்குகளை எண்ணுவார். கெய்சருக்கும் ஏசிக்கும் வாஷிங் மெஷினுக்கும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். ஏசி மாட்டும் இடத்தில் 6 ஆம்பியர்தான் இருக்கும். வாசல் பூட்டை அசைத்துப் பார்ப்பார். முன்பிருந்தவர்கள் சாவிக்கு எத்தனை காப்பி போட்டார்களோ, யார் கண்டது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஒன்றை உடனே வாங்கச் சொல்வார். அதற்கான கொண்டி கதவில் இல்லை என்பது பூட்டு வந்தபிறகு தெரியும்.

கரண்ட் மீட்டரை போட்டோ எடுக்கச் சொல்வது அவருடைய அறிவுரைகளில் தலையாயது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நடு மாதத்தில் ஒருவர் காலி செய்து இன்னொருவர் வந்தால் இரண்டு குடும்பமும் எரித்தது ஒரே பில்லில் வரும். இலவச 100 யூனிட் போனவருக்கா வந்தவருக்கா என்ற தகராறை அங்கே யாரும் எழுப்பியிருக்கமாட்டார்கள். பெரியப்பா எழுப்புவார். காகிதத்தை நாலாக மடித்து, ஆளுக்கு இத்தனை நாள் என்று இலவசத்தைப் பங்கு பிரிப்பார். மிஞ்சும் ரூபாய் நாற்பதோ ஐம்பதோதான். ஆனாலும் கணக்கில் பிழை இருக்காது.

கேஸ் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதே ஏஜென்சியின் எல்லைக்குள் மாறினால் முகவரி மாற்றினால் போதும். வேறு எல்லை என்றால் கனெக்‌ஷனையே மாற்ற வேண்டும். வெளியூர் என்றால் 14.2 கிலோ சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, கொடுக்கும் வவுச்சரைப் பத்திரப்படுத்த வேண்டும். ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது வீட்டில் அடுப்பை இணைத்ததும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தபின்தான் பற்றவைக்க வேண்டும். இவை அத்தனையும் உண்மை. அவர் இதைச் சொல்லத் தொடங்குவது பால் காய்ச்சும் நாள் காலை ஐந்தரைக்கு. முகூர்த்தம் ஆறு மணிக்கு.

பால் காய்ச்சுவதற்கு முன்னால் உள்ளே போக வேண்டியவை சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், குங்குமம், அரிசி, துவரம்பருப்பு. இந்த இலாகா பெரியம்மாவுடையது. அவர் முந்தைய நாளே எல்லாவற்றையும் ஒரு கூடையில் எடுத்து வைத்திருப்பார். அதைப் பற்றி யாரிடமும் பேசியிருக்கமாட்டார். கேஸ் வராத வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் பால் ஏறும். மின்சார அடுப்பில் பொங்கினால் பலன் உண்டா என்ற ஐயத்தைப் பெரியப்பாவே கிளப்பி, பெரியப்பாவே தீர்ப்பார். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் பணம், தெற்கே வழிந்தால் மேடை சமமாக இல்லை, கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

மூட்டை கட்டுவதில் அவர் வகுத்த விதி ஒன்றே ஒன்று: முதல் நாள் பை கடைசியில் ஏறி முதலில் இறங்க வேண்டும். துடைப்பம், மாப், பினாயில், பக்கெட், மக், சோப்பு, துண்டு, இரண்டு பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல், பாய், தலையணை, செல்போன் சார்ஜர், மாத்திரை டப்பா, காபிப் பொடி, சர்க்கரை, நாலு டம்ளர் என்று பட்டியலில் குறை சொல்ல இடமிருக்காது. அட்டைப்பெட்டிகளின் மேல் எந்த அறைக்குரியது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதவும் சொல்வார். எல்லாப் பெட்டியிலும் ‘கிச்சன்’, ‘இதர’ என்ற இரண்டில் ஒன்றே இருக்கும். முதல் நாள் பையை அவரே தம் கையால் குட்டியானையின் உள்மூலையில் பத்திரமாக வைப்பார். அதன்மேல் பீரோ ஏறும்.

சாமான் ஏற்றும் நாள் அவருக்குத் திருவிழா. டாட்டா ஏஸ் 2005-இல் சந்தைக்கு வந்தபிறகுதான் சந்துக்குள் லாரி நுழையாத கவலை ஒழிந்தது என்ற வரலாற்றை டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், நாலு பேர் பீரோவைப் படி வளைவில் சாய்த்துப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெரியப்பா அளவு டேப்பை எடுப்பார். பீரோவின் அகலம், கைப்பிடிச் சுவர்வரை இடைவெளி, கதவின் உயரம் மூன்றையும் அளந்து, “ரெண்டு இஞ்ச் இடிக்கும்பா. நேத்தே கேட்டிருந்தா கதவைக் கழட்டிட்டு ஏத்தச் சொல்லியிருப்பேனே” என்பார். இரண்டு இஞ்ச் இடிக்கும். பீரோவைக் கீழே இறக்கி, கதவைக் கழற்றி, மறுபடி ஏற்றுவார்கள். கீழே பிடித்திருப்பவர் வாய்க்குள் ஏதோ சொல்வார். அது பெரியப்பா காதில் விழாது.

ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும், படுக்கவைத்திருந்தால் கம்ப்ரெசர் எண்ணெய் கீழிறங்கச் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினை ஏற்றுமுன் டிரம் ஆடாதிருக்கப் பின்புறம் போல்ட் முடுக்க வேண்டும். அவை மெஷின் வாங்கிய நாளிலேயே அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். பெரியப்பா வீட்டுப் போல்ட் மட்டும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், தேதி எழுதி ஒட்டி, பரணில் இருக்கிறது.

குடிவந்தபின் முகவரிப் படலம் தொடங்கும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி, கேஸ், பள்ளிக்கூடம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார். ஒவ்வோர் ஆபீசும் இன்னோர் ஆபீஸ் காகிதத்தில் புது முகவரியைக் காட்டச் சொல்லும். அந்தச் சுழலை வாடகை ஒப்பந்தத்தை வைத்து எங்கே உடைப்பது என்று அவருக்கு அத்துப்படி. இங்கேதான் அவர் அறிவு தக்க காலத்தில் பயன்படுகிறது. தபால்காரரும் கூரியர் பையனும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும் ஒரு மாதமும் அவரைவிட உபயோகமான மனிதர் கிடையாது.

ஆகவே அவரைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமாகாது; வேளை பார்த்து அழைக்க வேண்டும். சாமான் ஏற்றும் நாளுக்குப் பத்து நாள் முன்பே பட்டியலை எழுதி வாங்கிவிடலாம். அளவு டேப்போடு இரண்டு வீட்டுப் படியையும் ஒரு தடவை ஏறி இறங்கச் செய்யலாம். கேஸ் ஏஜென்சிக்குத் துணைக்கு அழைத்துப் போகலாம். வரிசையில் நிற்க அவருக்கு அலுப்பில்லை. சாமான் ஏறும் நாளில் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு, எத்தனை உருப்படி ஏறியது, எத்தனை இறங்கியது என்று எண்ணும் பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் பையை யாராவது மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய்விடுவது உத்தமம்.

கூலி அதிகமில்லை. இரண்டு வேளை டிகிரி காபி, மத்தியானம் பார்சல் சாப்பாடு, போகும்போது “பெரியப்பா சொன்னதுதான் சரி” என்று நாலு பேர் காதுபட ஒரு வார்த்தை. மூன்றாவதை மறந்தால் முதல் இரண்டும் கணக்கில் சேராது.